ஷாம்புவுக்கு முன்னால் மண்ணை எடுத்தீர்களா? கார்ப்பெட் சுத்தம் செய்பவர்களின் அனுபவங்கள்

ஷார்ஜா இரவுப்பணி

மூன்று மாதமாக மனத்தை அரிக்கிறது, எழுதிவிடுகிறேன். ஓர் அலுவலகம், சுவருக்குச் சுவர் நைலான் கார்ப்பெட், ஒரே இரவில் முடிக்க வேண்டும். கையில் இருந்தது உறிஞ்ச மட்டும் செய்யும் டிரம் வாக்குவம்தான், சுழன்று இழையைத் தட்டும் உருளை பிரஷ் கிடையாது. மேலோட்டமாக ஒரு முறை ஓட்டிவிட்டு நேராக, வெந்நீரைத் தெளித்து உறிஞ்சும் இயந்திரத்தை இறக்கிவிட்டோம்.

விடியற்காலை நாலரைக்குக் கழிவுநீர்த் தொட்டியைக் கவிழ்த்தேன். தண்ணீரெல்லாம் போன பிறகும் தொட்டி கனத்தது. அடியில் கைவிட்டால் மணல். மாவு போன்ற இந்த ஊர் மணல், சேறாகக் குழைந்து நகக்கண்ணில் ஏறியது. தொட்டிக்கே இவ்வளவு வந்திருந்தால் இழைக்கு அடியில் எவ்வளவு தங்கியிருக்கும் என்று அப்போதே தெரிந்துவிட்டது. தெரிந்தும் கையெழுத்து வாங்கிக்கொண்டு கிளம்பினேன்.

மறுநாள் காய்ந்ததும் நடைபாதை நெடுகப் பழுப்புத் திட்டுகள். அடியில் கிடந்த அழுக்கு ஈரத்தோடு இழை நுனிக்கு ஏறிவிட்டது. பணத்தில் பிடித்துக்கொண்டதை மறந்துவிட்டேன். “நேற்று இதைவிட நன்றாக இருந்ததே” என்று அங்கிருந்த காவலாளி கேட்டதை மறக்க முடியவில்லை.

ஸ்கார்பரோ

டொரொண்டோவில் எங்களுக்கு உப்புதான் பிரச்சினை. பனி உருகத் தெருவில் கொட்டும் உப்பும் சரளைத் தூளும் பூட்ஸோடு வீட்டுக்குள் வந்துவிடும். வசந்தம் வந்தால் அதை எடுப்பதே வேலை.

நான் சொல்ல வந்தது வேறு. தனியாக வசிக்கும் ஒரு பெரியவர் வீடு. “நாள்தோறும் வாக்குவம் போடுகிறேன் தம்பி, கழுவினால் போதும்” என்றார். நான் கேட்கவில்லை. இரண்டு உருளைகள் எதிரெதிராகச் சுழலும் பிரஷ் இயந்திரத்தை, தண்ணீர் தெளிக்காமல், உலர்ந்தபடியே ஓட்டினேன். இரு பக்கத் தட்டுகளையும் கழற்றிச் செய்தித்தாளில் கொட்டினேன். சாம்பல் நிறப் பஞ்சு, மண், அதற்குள் சுருண்ட நீளமான நரைமுடி. பெரியவர் குனிந்து ஒரு முடியை இரண்டு விரலால் மெல்லப் பிரித்து எடுத்தார். மனைவி இறந்து இரண்டு வருடமாம். மிச்சத்தைக் குப்பையில் போடட்டுமா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. தாளை மடித்து மேசைமேல் வைத்துவிட்டு வந்தேன். செய்தது சரியா என்று இன்றும் யோசிக்கிறேன்.

பழைய மெக்கானிக்

ஷார்ஜா தம்பி, டிரம் வாக்குவத்தைச் சொல்லி என்ன பயன்? வடிகட்டி எந்த நிலையில் இருந்தது? பை எவ்வளவு நிரம்பியிருந்தது? அதைச் சொல்லவே இல்லையே.

கோவையில் ஒரு விடுதியிலிருந்து “இழுக்கவில்லை” என்று ஒரு வாக்குவம் பழுதுக்கு வந்தது. மோட்டாரில் குறை இல்லை. பெல்ட் தேய்ந்து உருளை சுற்றாமலே கிடந்தது. அதைத் தள்ளிய அம்மா கூடவே வந்திருந்தார். “நான் அழுத்தித் தள்ளவில்லை என்று ஆறு மாதமாகத் திட்டினார்கள் ஐயா” என்றார். ஒரு ரப்பர் பெல்ட்டுக்காக ஆறு மாதம் பேச்சு வாங்கியிருக்கிறார்.

உறிஞ்சினால் மட்டும் மண் வராது, இழையைத் தட்டி அசைக்க வேண்டும். 1908இல் அமெரிக்காவில் உருளை பிரஷ் வைத்த வாக்குவத்துக்குக் காப்புரிமை வாங்கிய ஜேம்ஸ் மர்ரே ஸ்பாங்லர், ஒஹையோவின் கான்டன் நகரில் ஒரு கடையில் துப்புரவு வேலை செய்தவர். ஆஸ்துமா நோயாளி. பெருக்கும்போது எழுந்த தூசியால் மூச்சு முட்டித்தான், தலையணை உறையைப் பையாகக் கட்டி அந்தக் கருவியைச் செய்தார். நம் தொழிலாளி ஒருவர் கண்டுபிடித்ததை நாமே பயன்படுத்தாமல் விடலாமா?

எல்லோருக்கும் சொல்கிறேன். பை பாதி நிரம்பியதுமே மாற்றுங்கள். காற்றோட்டம் குறைந்தால் உறிஞ்சும் வேகம் போய்விடும். பிரஷ் இழை நுனியைத் தொட்டால் போதும், அழுத்தினால் மோட்டார்தான் திணறும். தள்ளுவதைவிட இழுப்பதை மெதுவாகச் செய்யுங்கள். வாசல் பக்கம் குறுக்கும் நெடுக்குமாக நாலைந்து முறை, மூலைகளில் ஒரு முறை. மிதிபட்டுப் படிந்த இடத்துக்கு இழையை நிமிர்த்தும் கனத்த இயந்திரத்தை வாடகைக்காவது எடுங்கள். ஹெப்பா என்ற நுண்தூசி வடிகட்டி 0.3 மைக்ரான் துகளில் 99.97 சதவீதத்தைப் பிடிக்கும். மூச்சு உங்களுடையது, அதில் சிக்கனம் வேண்டாம்.

எழும்பூர் கம்பளம்

ஐயா, “எல்லோருக்கும்” என்று சொல்லாதீர்கள். அந்த உருளை பிரஷ்தான் என்னைக் கெடுத்தது. காஷ்மீர்க் கைமுடிச்சுக் கம்பளம், ஒரு வீட்டில் பாட்டி காலத்திலிருந்து இருப்பது. ஓரம்வரை தள்ளினேன், குஞ்சத்தை உருளை கவ்விக்கொண்டது. நான் சுவிட்சைத் தேடுவதற்குள் ரப்பர் கருகும் வாசனை. நிறுத்திப் பார்த்தால் ஒரு சாண் அகலத்துக்குக் குஞ்சம் அறுந்து, உருளையில் நூல்கண்டு போலச் சுற்றியிருந்தது. வீட்டுக்கார அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. அறுந்த நூல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து ஒரு கவரில் போட்டுக்கொண்டார்.

இப்போது கைமுடிச்சு என்றால் கவிழ்த்துப் போட்டு, அதிரும் கருவியை முதுகுப்பக்கம் ஓட்டுகிறேன். மண் முடிச்சின் அடியில் இருக்கிறது, மேலேயிருந்து எவ்வளவு இழுத்தாலும் வராது. புரட்டினால் தரையில் கம்பளத்தின் அளவுக்கே மண் கோலம் போட்டது போல் கிடக்கும். அதைப் பெருக்கி மறுபடி கவிழ்ப்பேன், தரை வெளுப்பாகத் தெரியும்வரை. அதன் பிறகு முகப்பக்கத்தை பிரஷ் இல்லாத வாக்குவம் முனையால் உறிஞ்சுவேன், குஞ்சத்தின் பக்கம் போகாமல்.

ஷார்ஜா இரவுப்பணி

மெக்கானிக் ஐயா, பை இல்லை, துணி வடிகட்டி. அன்று மாலை அதைக் கழுவி, காயாமலே மாட்டினேன். ஈரத் துணியில் தூசி அப்பிக்கொண்டால் காற்று எப்படிப் போகும் என்று நீங்கள் கேட்ட பிறகுதான் உறைக்கிறது.

வெள்ளிக்கிழமை அதே அலுவலகத்துக்குப் போகிறேன், கூலி இல்லாமல், நானாகக் கேட்டு வாங்கிய வேலை. உருளை பிரஷ் இயந்திரம் ஒன்றை நண்பரிடம் கேட்டிருக்கிறேன். பெல்ட்டைப் பார்த்துவிட்டுத்தான் எடுத்துப் போவேன். எழும்பூர் அக்கா, அங்கே வரவேற்பறையில் குஞ்சம் வைத்த கம்பளம் ஒன்று கிடக்கிறது. அதைச் சுருட்டித் தனியாக வைத்துவிடுகிறேன்.