கடைசி வருஷத்தில் வேதியியலை விட்டுவிடலாமா?

மாணவி: கணிதம், இயற்பியல், வேதியியல், உயிரியல், வரலாறு. அடுத்த வருஷம் நான்குதான் எடுக்க முடியும். மரபணுப் பாடம் என்றால் எனக்கு உயிர். ஆனால் வேதியியலில் பொருளின் அளவைக் கணக்கிடும் மோல் கணக்கு வந்தாலே கை நடுங்குகிறது.

ஆய்வக அக்கா: வேண்டாம்மா, விடாதே. டிஎன்ஏவின் இரண்டு இழைகளையும் சேர்த்துப் பிடிப்பதில் ஹைட்ரஜன் பிணைப்புக்குப் பெரிய பங்கு உண்டு. வேதியியல் இல்லாமல் மரபணு பாதிதான் புரியும். நான் தினமும் கரைசல் தயாரிக்கிறேன், அதுவும் மோல் கணக்குதான். அடிப்படையில் வெறும் விகிதம். கணிதம் வரும் இல்லையா, அப்புறம் என்ன பயம்?

இன்னொருவர்: சேர நினைக்கும் படிப்புக்கு எந்தப் பாடங்கள் கட்டாயம் என்று முதலில் பாருங்கள்.

மாணவி: பார்த்தேன். உயிரியலும் வேதியியலும் கட்டாயம், இயற்பியல் கேட்கவில்லை. வரலாற்றை விட மனசில்லை அக்கா.

ஆய்வக அக்கா: சரி, அப்போ இயற்பியலை விடு. கணிதத்தை மட்டும் தொடாதே, மரபியலில் நிகழ்தகவு நிறைய வரும்.