முதல் அட்வென்ச்சர் பைக்கைப் பழையதாக வாங்கலாமா? 2019 ஹிமாலயன் பற்றி ஆலோசனை தேவை

சிறுமலைச்சாரல்:

அனைவருக்கும் வணக்கம். நான் திண்டுக்கல்லில் வசிக்கிறேன். இதுவரை ஸ்கூட்டர் மட்டுமே ஓட்டி வந்த எனக்கு, கியர் வண்டிக்கான உரிமம் இந்த ஆண்டுதான் கிடைத்தது. தம்பியின் 150 சிசி வண்டியில் ஊருக்குள் பழகிக்கொண்டிருக்கிறேன். கொடைக்கானலுக்கு மேலே பூம்பாறை, மன்னவனூர் வரையிலும், கை பழகிய பிறகு மூணாறு, வால்பாறைப் பக்கமும் தனியாகச் சென்று வர வேண்டும் என்பது நெடுநாள் விருப்பம். என்றாவது லடாக்கும் போக வேண்டும்.

வண்டி, காப்பீடு, ஹெல்மெட், ஜாக்கெட் எல்லாம் சேர்த்து என்னால் 1,60,000 ரூபாய் வரை செலவிட முடியும். சென்னை வேளச்சேரியில் ஒருவர் 2019 ஆம் ஆண்டு ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 411 ஒன்றை 1,35,000 ரூபாய்க்குத் தருவதாகச் சொல்கிறார். 38,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. அவர் இரண்டாவது உரிமையாளர். இருபுறமும் பேனியர் பெட்டிகளும் கூடுதல் விளக்குகளும் பொருத்தியிருக்கிறார். நண்பர்களில் ஒருவர் கேடிஎம் 390 அட்வென்ச்சரைத் தேடச் சொல்கிறார், இன்னொருவர் ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200 போதும் என்கிறார். என் உயரம் 5 அடி 4 அங்குலம். இந்த எடையுள்ள வண்டியைப் புதிதாக ஓட்டும் ஒருவர் வாங்கலாமா, நேரில் பார்க்கும்போது எவற்றைச் சோதிக்க வேண்டும் என்று அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

வைகைக்கரை:

வணக்கம் நண்பரே. என்ஜினின் சக்தியைப் பற்றிப் பலரும் பேசுவார்கள், ஆனால் புதியவரைக் கீழே தள்ளுவது பெரும்பாலும் சக்தியல்ல. நின்றுகொண்டிருக்கும்போதோ, சரிவான இடத்தில் வண்டியைத் திருப்பும்போதோ, கால் ஊன்றிய இடத்தில் ஜல்லி சறுக்கும்போதோதான் இவ்வகை வண்டிகள் சாய்கின்றன. நீங்கள் ஓட்டிப் பழகிய ஸ்கூட்டர் ஏறத்தாழ 110 கிலோ இருந்திருக்கும். ஹிமாலயன் 411 பெட்ரோலோடு 190 கிலோவைத் தாண்டும், அதோடு பேனியர்களும் சேர்ந்தால் ஒருமுறை சாய்ந்த வண்டியைத் தனியாளாகத் தூக்கி நிறுத்துவதே பெரும்பாடு. மன்னவனூர்ச் சாலையில் மழைநாளில் உதவிக்கு ஆள் வருவதற்கு எவ்வளவு நேரம் ஆகும் என்பதையும் எண்ணிப் பாருங்கள்.

390 அட்வென்ச்சரை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். அது நல்ல வண்டிதான். ஆனால் 855 மில்லிமீட்டர் இருக்கை உயரமும் 43 குதிரைத்திறனும் ஸ்கூட்டரிலிருந்து நேராக வருபவருக்கு ஏற்றவை அல்ல, உங்கள் உயரத்துக்கு அதில் நுனிக்கால்தான் எட்டும். என் பரிந்துரை எக்ஸ்பல்ஸ் 200. அதன் எடை ஏறத்தாழ 155 கிலோ. கீழே விழுந்தாலும் நீங்களே தூக்கலாம், உதிரிபாகங்களும் மலிவாகக் கிடைக்கும். 18 குதிரைத்திறன் என்பது மலைப்பாதைக்குப் போதும். நான்குவழிச் சாலையில் லாரியை முந்தும்போதுதான் குறை தெரியும்.

எதை வாங்கினாலும் மொத்தப் பணத்தில் குறைந்தது 30,000 ரூபாயை ஒதுக்கி வையுங்கள். பழைய வண்டி கைக்கு வந்தவுடன் டயரோ செயின் செட்டோ கேட்கும். ஹெல்மெட், ஜாக்கெட், கையுறை, கணுக்காலை மூடும் பூட்ஸ் ஆகியவற்றில் கஞ்சத்தனம் கூடாது. 1,35,000 ரூபாயை வண்டிக்கே கொடுத்துவிட்டால் உங்களிடம் அதற்கு மிச்சமிருக்காது.

கொங்குப் பட்டறை:

கோவையில் பட்டறை நடத்துகிறேன். எந்த வண்டி என்ற விவாதத்தை மற்றவர்களுக்கு விட்டுவிட்டு, எப்படிப் பார்த்து வாங்குவது என்பதை மட்டும் விரிவாக எழுதுகிறேன், ஏனென்றால் நல்ல மாடலில் கெட்ட வண்டியை வாங்கியவர்கள்தான் எங்களிடம் அதிகம் வருகிறார்கள்.

முதலில் வேளச்சேரி என்று சொன்னீர்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பகுதிகளில் எவ்வளவு தண்ணீர் நின்றது என்பதை அனைவரும் அறிவோம். அந்த வண்டி அப்போது எங்கே நின்றது என்று நேரடியாகக் கேளுங்கள், பிறகு அந்தப் பதிலை நீங்களே சரிபாருங்கள். இருக்கையைக் கழற்றி, அடியில் உள்ள ஒயரிங் கப்ளர்களைப் பிரித்தால் பச்சைக் களிம்பு தெரிகிறதா, ஏர் ஃபில்டர் பெட்டியின் மூலையில் வண்டல் படிந்திருக்கிறதா, மீட்டருக்கு உள்ளேயோ ஹெட்லைட்டுக்கு உள்ளேயோ நீர்த்தடம் இருக்கிறதா என்று பாருங்கள். பழைய காப்பீட்டுப் பத்திரங்களையும் கேளுங்கள். ஆண்டுதோறும் கூடிவந்த நோ கிளெய்ம் போனஸ் (இழப்பீடு கோராத ஆண்டுகளுக்குக் கிடைக்கும் தள்ளுபடி) ஓர் ஆண்டில் திடீரென்று பூஜ்ஜியமாகியிருந்தால், அதற்கு முன் ஏதோ ஓர் இழப்பீடு வாங்கப்பட்டிருக்கலாம், என்ன காரணம் என்று கேளுங்கள்.

வண்டியைப் பார்க்கக் காலையில் போங்கள். நீங்கள் வருவதற்கு முன் ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லுங்கள். போனதும் என்ஜின் உறையைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால், குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் ஆவதில் உள்ள சிக்கலை மறைத்திருக்கக்கூடும். மேலே வால்வுகளை இயக்கும் டேப்பட் பகுதியில் கேட்கும் மெல்லிய டிக் டிக் சத்தம் இடைவெளியைச் சரிசெய்தால் தீரும், ஆனால் என்ஜினின் அடிப்பகுதியிலிருந்து கனத்த தட்டல் சத்தம் வந்தால் விலையைப் பற்றிப் பேசாமலே திரும்பி வந்துவிடலாம். நீலப் புகை ஆயில் எரிவதைக் காட்டும். ஆயில் மூடியைத் திறந்து, பால் கலந்தது போன்ற நிறம் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

அடுத்தது கோன்செட், அதாவது ஹேண்டில்பார் திரும்பும் கழுத்தில் உள்ள பேரிங்குகள். அட்வென்ச்சர் வண்டிகளில் நான் முதலில் கை வைப்பது இதில்தான், ஏனென்றால் பள்ளம் மேடுகளில் 21 அங்குல முன்சக்கரம் வாங்கும் அடி எல்லாம் அங்கேதான் போய்ச் சேர்கிறது. சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, முன்சக்கரம் தரையில் படாதபடி ஒருவரைப் பின்னால் அழுத்தச் சொல்லிவிட்டு, ஹேண்டில்பாரை ஒரு விரலால் மெதுவாக இடமும் வலமும் திருப்புங்கள். நேர்நிலையில் வந்ததும் ஏதோ ஒரு குழியில் அமர்ந்துகொள்வதாகத் தோன்றினால் பேரிங்குகள் மாற்ற வேண்டியவை. அப்படியே முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கின் கீழ்ப்பகுதியைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள், பின்சக்கரத்தைப் பக்கவாட்டில் ஆட்டி, அதைத் தாங்கும் ஸ்விங் ஆர்மில் ஆட்டம் இருக்கிறதா என்று உறுதிசெய்யுங்கள். ஃபோர்க் குழாயில் ஆயில் வளையம் தெரிந்தால் சீல் போய்விட்டது. இது பெரிய செலவல்ல, விலை குறைக்கக் காரணமாகும்.

ஒவ்வொரு ஸ்போக் கம்பியையும் ஸ்க்ரூடிரைவரால் தட்டுங்கள். மந்தமாக ஒலிப்பது தளர்ந்தது. சக்கரத்தைச் சுற்றிவிட்டு ரிம் பெண்ட் இருக்கிறதா என்று பாருங்கள். பின் ஸ்ப்ராக்கெட்டின் கடைசி முனையில் செயினைப் பிடித்து இழுத்தால் பல் பாதிக்கு மேல் வெளியே தெரிகிறதென்றால், முழு செட்டையும் மாற்ற வேண்டும். டயரின் பக்கச்சுவரில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும்: 2319 என்றால் 2019 ஆம் ஆண்டின் 23 ஆம் வாரத்தில் தயாரானது. பட்டன்கள் எவ்வளவு மிச்சமிருந்தாலும் அவ்வளவு பழைய டயரை நம்பி மலையேற வேண்டாம்.

கிராஷ் கார்டில் கீறல்கள் இருந்தால் பயப்படாதீர்கள், இவ்வகை வண்டி ஒருமுறையாவது சாயாமல் இருப்பதுதான் அரிது. ஹேண்டில்பார் திரும்பி முட்டும் இடத்தில் ஃபிரேமில் இருக்கும் தடுப்பு இரண்டு பக்கமும் ஒரே அளவில் இருக்கிறதா என்பதுதான் முக்கியம். ஒருபுறம் நசுங்கியோ புதிதாகப் பெயின்ட் அடித்தோ இருந்தால், அந்த வண்டி வேகத்தில் மோதியிருக்கக்கூடும். பேனியர் பொருத்தியிருப்பதால், பின்பக்க ஃபிரேமில் வெல்டிங் இணைப்புகளை டார்ச் அடித்துப் பார்க்கவும். கூடுதல் விளக்குகளுக்குத் தனி ரிலேயும் ஃபியூஸும் உள்ளனவா, அல்லது மூல ஒயரைச் சுரண்டி டேப் சுற்றியிருக்கிறார்களா என்றும் கவனியுங்கள்.

38,000 கிலோமீட்டர் உண்மைதானா என்பதற்கு சர்வீஸ் ரெக்கார்டு போதுமான சான்று. அது இல்லையென்றால் பிரேக் டிஸ்க்கின் தடிமனை அளந்து, அதிலேயே பொறித்திருக்கும் குறைந்தபட்ச அளவோடு ஒப்பிடுங்கள்.

நெடுஞ்சாலை_நேசன்:

வைகைக்கரை சொல்வதில் எடை பற்றிய பகுதியை ஏற்கிறேன், முடிவை ஏற்கவில்லை. ஹிமாலயன் 411இன் இருக்கை உயரம் 800 மில்லிமீட்டர்; எக்ஸ்பல்ஸ் 200இன் இருக்கை அதைவிட 20 மில்லிமீட்டருக்கும் மேல் உயரமானது. 5 அடி 4 அங்குலம் உள்ளவருக்கு, கால் நன்றாக ஊன்றக்கூடிய கனமான வண்டி, நுனிக்காலில் தாங்க வேண்டிய இலகுவான வண்டியைவிடப் பல நேரங்களில் பாதுகாப்பானது. 24 குதிரைத்திறனைக் கொண்ட அந்த என்ஜின் குறைந்த வேகத்திலேயே 32 நியூட்டன் மீட்டர் இழுவையைத் தருவதால், கொண்டை ஊசி வளைவில் கியரைத் தவறாகப் போட்டாலும் வண்டி எளிதில் அணைந்துவிடாது. அரை கிளட்ச் இன்னும் கைவராதவருக்கு இது பெரிய துணை.

2018 செப்டம்பருக்குப் பிறகு வந்த ஹிமாலயன்களில் இரண்டு சக்கரங்களுக்கும் ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் அமைப்பு) உண்டு. பழைய எக்ஸ்பல்ஸ்களில் முன்சக்கரத்துக்கு மட்டுமே. எனவே 2019 மாடல் என்பது சரியான தேர்வு. கார்புரேட்டர் வைத்த 2016 மாடலை யாராவது மலிவாகக் காட்டினால் தவிர்த்துவிடுங்கள்.

ஒரு குறையையும் சொல்லிவிடுகிறேன். இந்த இரண்டு வண்டிகளிலும் ஸ்போக் சக்கரம், உள்ளே ட்யூப். வழியில் பஞ்சர் ஆனால் சக்கரத்தைக் கழற்றியே தீர வேண்டும். நீங்கள் போவதாகச் சொல்லும் இடங்கள் பெரும்பாலும் தார்ச்சாலைகள் என்பதால், ட்யூப்லெஸ் டயரும் அலாய் சக்கரமும் கொண்ட சுசுகி வி-ஸ்ட்ரோம் எஸ்எக்ஸைக்கூட எண்ணிப் பார்க்கலாம், ஆனால் அது 2022இல்தான் வந்தது. உங்கள் தொகைக்குள் கிடைப்பது கடினம், இருக்கையும் 835 மில்லிமீட்டர்.

ஓசூர்_வழிப்போக்கன்:

ஆவணங்களைப் பற்றி யாரும் சொல்லவில்லை. பதிவு எண்ணை வைத்து அரசின் பரிவாகன் தளத்தில் உரிமையாளர் விவரம், கடன் பதிவு, காப்பீட்டின் கடைசி நாள், நிலுவையில் உள்ள இ-சலான் அபராதங்கள் ஆகியவற்றை முன்பணம் கொடுப்பதற்கு முன்பே பாருங்கள். ஆர்சியில் (பதிவுச் சான்றிதழில்) உள்ள சேசிஸ் எண்ணையும் என்ஜின் எண்ணையும் வண்டியில் பொறித்திருப்பவற்றோடு எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். முதல் உரிமையாளர் பெயரிலேயே ஆர்சி இன்னும் இருந்தால், இப்போது விற்பவர் அதைத் தம் பெயருக்கு மாற்றிய பிறகு பேசலாம் என்று சொல்லிவிடுங்கள்.

கடன் பதிவு இருந்தால் வங்கியின் தடையின்மைக் கடிதமும் படிவம் 35ம் தேவை. பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, படிவம் 30. விற்பவர் கையெழுத்திட்டுக் கொடுத்த படிவங்களைப் பெட்டியில் வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் ஓட்டுபவர்கள் உண்டு. அது இருவருக்கும் ஆபத்து. விபத்து நேர்ந்தால் பதிவேட்டில் பெயர் உள்ளவரே பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018இல் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. விற்பவரிடம் இதை எடுத்துச் சொன்னால் அவரே விரைந்து ஒத்துழைப்பார். காப்பீட்டை 14 நாட்களுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். நோ கிளெய்ம் போனஸ் வண்டியைச் சேர்ந்ததல்ல, பழைய உரிமையாளரைச் சேர்ந்தது என்பதால் அந்த வித்தியாசத்தொகையை நீங்கள் கட்ட நேரும்.

விலை குறைவு என்று புதுச்சேரிப் பதிவு வண்டியையும் சிலர் காட்டுவார்கள். தமிழ்நாட்டில் 12 மாதங்களுக்கு மேல் வைத்திருப்பதானால் இங்கே மறுபதிவு செய்து வரி கட்ட வேண்டும் என்பதைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சிறுமலைச்சாரல்:

இவ்வளவு பொறுமையாக எழுதிய அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. திண்டுக்கல்லில் தெரிந்தவர் ஒருவரின் ஹிமாலயனில் நேற்று அமர்ந்து பார்த்தேன். இரண்டு கால்களும் முழுமையாக ஊன்றின. ஆனால் சாய்த்து நிமிர்த்தும்போது எடை நன்றாகவே தெரிந்தது. எக்ஸ்பல்ஸையும் பார்த்துவிட்டு முடிவு செய்கிறேன். வேளச்சேரிக்காரர் சர்வீஸ் ரெக்கார்டை அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார், விலையையும் குறைக்கத் தயாராக இருக்கிறார். ஒரு கேள்வி: அதை வாங்கினால் சென்னையிலிருந்து திண்டுக்கல் வரை நானே ஓட்டி வரலாமா?

கொங்குப் பட்டறை:

வேண்டாம். 400 கிலோமீட்டருக்கு மேற்பட்ட அந்தத் தூரத்தை, நிலை தெரியாத வண்டியில், நெடுஞ்சாலைப் பழக்கம் இல்லாமல் கடப்பது தேவையற்ற துணிச்சல். எழும்பூரில் ரயில் பார்சலில் போடுங்கள். பெட்ரோலை முழுவதும் வடித்துவிட வேண்டும், ஆர்சி நகலும் அடையாள அட்டையும் கேட்பார்கள், பேக்கிங் செய்யும் ஆட்கள் அங்கேயே இருப்பார்கள். பேனியர்களையும் கூடுதல் விளக்குகளையும் கழற்றித் தனியாகக் கட்டிக்கொள்ளுங்கள்.

வந்து சேர்ந்ததும் என்ஜின் ஆயில், ஆயில் ஃபில்டர், பிரேக் ஆயில் மூன்றையும் மாற்றிவிடுங்கள். முந்தைய உரிமையாளர் நேற்றுதான் மாற்றினேன் என்று சொன்னாலும் மாற்றுங்கள். பேனியர்களை உடனே பொருத்த வேண்டாம். காலியான மைதானம் ஒன்றில் அரை கிளட்ச்சில் எட்டு போடுவது, முன் பிரேக்கையும் பின் பிரேக்கையும் சேர்த்துப் பிடித்து நிறுத்துவது, சாய்ந்த வண்டியை முதுகு வளைக்காமல் காலின் பலத்தால் தூக்குவது ஆகியவற்றைத் தம்பியைத் துணைக்கு வைத்துக்கொண்டு பழகுங்கள். அடுத்ததாகச் சிறுமலைக்குப் போய் வாருங்கள். அதன் 18 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும்போது பிரேக்கைத் தேய்க்காமல் இரண்டாவது கியரிலேயே வர முடிகிறது என்றால், கொடைக்கானல் சாலைக்குத் தயாராகிவிட்டீர்கள்.