அம்மா அப்பாவுடன் மலேசியா: பேக்கேஜா, சொந்த ஏற்பாடா?

பாலக்கோட்டான்:
அம்மாவுக்கு 63, அப்பாவுக்கு 68. திருப்பதியைத் தாண்டிப் போனதில்லை. ஜனவரியில் பத்துமலை முருகனைக் காட்டிவிட வேண்டும் என்று ஆசை. எனக்கு வேலை கிடைத்த கையோடு அவர்கள் இருவருக்கும் எடுத்துவைத்த பாஸ்போர்ட் பீரோவில் கிடக்கிறது. தர்மபுரியில் ஒரு டூர்க்காரர் மலேசியா, சிங்கப்பூர் சேர்த்து 6 நாள் என்கிறார். அம்மாவுக்கு மூட்டு வலி. பேக்கேஜில் போகலாமா, நானே டிக்கெட், ரூம் போட்டுக்கொள்ளவா?

காவேரிப்பட்டணம்:
பேக்கேஜ் வேண்டாம் தம்பி. நான் அம்மாவை அப்படிக் கூட்டிப்போய்ப் பட்டவன். காலை 7 மணிக்குப் பஸ்ஸில் ஏற்றினால் ராத்திரிதான் ரூம். ஒரு இடத்தில் அம்மா கழிப்பறை வரிசையில் நிற்கிறார், அதற்குள் கைடு கொடியை ஆட்டிக் கூப்பிடுகிறார், அம்மா போகாமலேயே திரும்பி வந்துவிட்டார், அன்று முழுக்க தண்ணீரே குடிக்கவில்லை. ஆறு நாளில் இரண்டு நாடு என்றால் பெட்டி கட்டுவதும் பிரிப்பதும்தான் வேலை. சிங்கப்பூருக்கு விசா வேறு எடுக்கணும். மலேசியாவுக்கு 2023 டிசம்பரிலிருந்து நமக்கு 30 நாள் வரை விசா கேட்பதில்லை (டிக்கெட் போடும் முன் ஒருமுறை பார்த்துக்கொள்). ஒரே நாடு, ஒரே ரூம் போதும்.

அதியமான்கோட்டை அக்கா:
இதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். போன வருஷம் பேக்கேஜில்தான் போனோம். மூன்றாம் நாள் ராத்திரி என் வீட்டுக்காரருக்குக் காய்ச்சல், கைடுதான் கிளினிக்குக் கூட்டிப்போய் மாத்திரை வாங்கிக்கொடுத்து 1 மணிக்குத் திரும்பக் கொண்டுவந்து விட்டார். தெரியாத ஊரில் அந்த நேரத்தில் நான் யாரைக் கேட்பது? அப்புறம், பிள்ளை ஏற்பாடு பண்ணினால் அவன் கண் போனிலேயே இருக்கும். பெரியவர்கள் பெட்டியைப் பிடித்துக்கொண்டு ரோட்டோரம் நிற்பார்கள். அது நிம்மதியா?

காவேரிப்பட்டணம்:
அக்கா, அதற்குத்தான் இங்கேயே இன்சூரன்ஸ் எடுத்து அவசர எண்ணைத் தாளில் எழுதி அப்பா சட்டைப்பையில் வைக்கச் சொல்கிறேன். கோலாலம்பூரில் பிரிக்ஃபீல்ட்ஸ் பக்கம் ரூம் போட்டால் வாழை இலைச் சாப்பாடு நடக்கிற தூரத்தில் கிடைக்கும், கேஎல் சென்ட்ரல் ஸ்டேஷன் பக்கத்திலேயே, அங்கிருந்து பத்துமலைக்கே ரயில் இருக்கிறது. குகைக்கு 272 படி. அம்மா ஏற வேண்டாம், 140 அடி முருகன் சிலை கீழேதான் நிற்கிறது, உட்கார்ந்து நிதானமாகக் கும்பிடலாம். பேக்கேஜில் அந்த நிதானம் கிடைக்காது.

ஓசூர் வண்டிக்காரர்:
ஏர்போர்ட் சவாரி ஓட்டுகிறேன். நீங்கள் இரண்டு பேருமே முதல் நாளைப் பற்றிப் பேசவில்லை. தர்மபுரியிலிருந்து பெங்களூரு ஏர்போர்ட் இருக்கும் தேவனஹள்ளி 160 கிலோமீட்டருக்கு மேல். அத்திப்பள்ளி தாண்டி சில்க் போர்டு வரைக்கும் சாயங்காலம் வண்டி நகராது, ஹெப்பாளில் மறுபடி நிற்கும். ராத்திரி 10 மணி விமானத்துக்கு மத்தியானம் சாப்பிட்டவுடன் கிளம்பிவிடுங்கள். வயசானவர்களுக்கு டிக்கெட் போடும்போதே வீல்சேர் கேட்டு வையுங்கள், உள்ளே நடை அதிகம். டிக்கெட்டில் பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்கணும். நான் இறக்கிவிட்ட ஒரு பெரியவர் டிக்கெட்டில் இனிஷியல் மட்டும், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாக. கவுன்டரில் கை நடுங்க நின்றார்.

அதியமான்கோட்டை அக்கா:
வண்டிக்கார அண்ணன் சொன்னது நியாயம். தம்பி, சொந்தமாகவே போவதென்றால் தைப்பூசத்தை ஒட்டிப் போகாதே, லட்சக்கணக்கில் கூட்டம். மலேசியாவுக்குள் நுழைய டிஜிட்டல் வருகை அட்டை நிரப்பணும், போகிற நாளுக்கு முந்தைய 3 நாளுக்குள், இலவசம். பணம் கேட்கும் இணையதளம் வந்தால் மூடிவிடு. சிங்கப்பூரும் சேர்ந்தால் அம்மா குருமாப்பொடியில் கசகசா போடவில்லையா என்று பார், அங்கே அதற்குத் தடை. பிரஷர், சர்க்கரை மாத்திரையை மருந்துச் சீட்டோடு கைப்பையில் வை. இவ்வளவையும் நீ ஒருத்தன் சுமக்கணும், அதனால்தான் பேக்கேஜ் என்கிறேன்.

பாலக்கோட்டான்:
அக்கா, அண்ணா, நன்றி. மலேசியா மட்டும், 5 ராத்திரி, ஒரே ரூம் என்று முடிவு. அக்கா சொன்ன பயத்துக்காக ஒரு நாள் மட்டும் தமிழ் டிரைவரோடு கார் பேசிக்கொள்கிறேன்.

காவேரிப்பட்டணம்:
சரி தம்பி. பாஸ்போர்ட் எப்போது முடிகிறது என்று பார்த்தாயா? நுழையும் நாளிலிருந்து 6 மாதம் பாக்கி இருக்கணும்.

பாலக்கோட்டான்:
இப்போதுதான் பீரோவைத் திறந்து பார்த்தேன் அண்ணா. அம்மாவுடையது சரியாக இருக்கிறது. அப்பாவுடையது மே மாதமே முடிகிறது. நாளைக்கே புதுப்பிக்க விண்ணப்பிக்கிறேன், அது கைக்கு வந்த பிறகுதான் டிக்கெட்.