குடியிருப்புப் பகுதியில் காய்கறி வளர்க்கத் தடை வேண்டுமா, வரம்பு வேண்டுமா?

காலிமனைக்காரன்:
எங்கள் வீட்டுக்குப் பக்கத்து மனை பல வருடம் குப்பை மேடாகத்தான் கிடந்தது, அப்போதெல்லாம் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மனைக்காரரிடம் கேட்டுக்கொண்டு சுத்தம் செய்து, கீரையும் வெண்டையும் போட்டேன். ஒரே புகார்தான், நோட்டீஸ் வந்துவிட்டது: “குடியிருப்பு மண்டலத்தில் வேளாண்மைப் பயன்பாடு”. எனக்குக் கோபம் அந்த ஒற்றைச் சொல்மேல்தான். நாலு பாத்தியும் வேளாண்மை, பத்து ஏக்கரில் டிராக்டர் ஓட்டுவதும் வேளாண்மை. அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரம் 2013இல் விதி எழுதியபோது இதைப் பிரித்தது: ஒரு ஏக்கர் வரை தோட்டம், அதற்கு மேல் பண்ணை, இரண்டுக்கும் தனித்தனி நிபந்தனை. அப்படி ஒரு கோடு போட்டால் போதும் என்கிறேன்.

சுவருக்கு_அப்பால்:
நான் அந்த மாதிரி ஒரு வேலியின் மறுபக்கம் இருந்தவன், அதனால் எதிர்த்துதான் எழுதுகிறேன். பக்கத்து வீட்டில் முதலில் நாலு கோழி, ஒரு வருடத்தில் இருபதுக்கு மேல். பச்சை எருவை என் சுவரோரம் கொட்டி வைப்பார்கள், மழை பெய்தால் ஜன்னல் திறக்க முடியாது. போய்க் கேட்டால் “இது வீட்டுத்தோட்டம், இதற்கெல்லாம் விதி கிடையாது” என்ற பதில்தான். மண்டல விதி, அதாவது எந்தப் பகுதியில் எதற்கு இடம் என்று வகுப்பது, யாரையோ வதைக்க வந்ததல்ல. நியூயார்க் 1916இல் நகரம் முழுமைக்கும் விதி கொண்டுவந்ததற்கு ஒரு காரணம், பக்கத்து மனையில் நாளை என்ன முளைக்கும் என்று தெரியாமல் யாரும் நிம்மதியாக வீடு வாங்க முடியவில்லை என்பது. தோட்டம் என்று பெயர் வைத்தவுடன் அந்த உறுதி காணாமல் போகக் கூடாது.

காலிமனைக்காரன்:
உங்களுக்கு நடந்தது தவறு, அதில் எனக்கு வாதமே இல்லை. ஆனால் உங்களைத் துன்புறுத்தியது என்ன? கோழி எண்ணிக்கை, எருக் குவியல், அது இருந்த இடம். அந்த மூன்றையும் விதியில் எழுதலாமே. சியாட்டில் 2010இல் எட்டுக் கோழி வரை என்று எண் வைத்தது, சேவல் கூடாது என்றது. முட்டையிடக் கோழிக்குச் சேவல் தேவையில்லை, அதனால் யாருக்கும் நஷ்டமில்லை, விடியற்காலைச் சத்தமும் இல்லை. எருவை மூடிய தொட்டியில் மட்க வைக்க வேண்டும், எல்லைச் சுவரிலிருந்து இத்தனை மீட்டர் தள்ளி வைக்க வேண்டும் என்று சொன்னால் உங்கள் ஜன்னல் திறந்திருக்கும். கோழிக்காக என் வெண்டைக்குத் தடை எதற்கு?

சுவருக்கு_அப்பால்:
எழுதிவிடலாம். யார் வந்து எண்ணுவார்கள்? எட்டு என்று விதி இருக்கும், இருபது ஓடிக்கொண்டிருக்கும். முழுத் தடை என்றால் ஒரு பார்வையில் தெரிந்துவிடும்.

உத்தரம்:
நான் கட்டட வேலையில் இருப்பவன், இரண்டு பேரும் தரையையே பேசுவதால் நுழைகிறேன். மொட்டை மாடியை விதியில் சேர்க்காமல் விட்டால் பெரிய ஆபத்து. நனைந்த மண் ஒரு கன மீட்டர் 1,600 முதல் 1,900 கிலோ வரை வரும். முப்பது சென்டிமீட்டர் ஆழத்துக்குப் பாத்தி கட்டினால் சதுர மீட்டருக்கு 500 கிலோ. சாதாரண வீட்டு மாடித் தளத்தை ஆட்கள் நடமாட, பொருள் வைக்க என்று 150, 200 கிலோ கணக்கில்தான் வடிவமைப்போம். ஆட்கள் போய்விடுவார்கள், மண் இரவு பகலாக உட்கார்ந்திருக்கும். தளம் ஒரே நாளில் விழாது, முதலில் வளையும், விரிசல் வழியாகத் தண்ணீர் இறங்கி உள்ளே கம்பி துருப்பிடிக்கும், அது கீழ் வீட்டுக்காரர் கூரையில் ஓதமாகத்தான் முதலில் தெரியும். தொட்டிச் செடி, தேங்காய்நார் கலந்த லேசான கலவை, கனமானதைச் சுவருக்கும் உத்தரத்துக்கும் மேலே வைப்பது, இதற்கு அனுமதி கேட்க வேண்டாம். தளம் முழுக்கப் பாத்தி என்றால் பொறியாளர் கையெழுத்து கட்டாயம். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

காலிமனைக்காரன்:
ஏற்கிறேன். இதுதான் நான் கேட்கும் மாதிரி விதி, ஆபத்து எங்கே இருக்கிறதோ அங்கே கை வைக்கிறது.

வேர்முடிச்சு:
காலிமனைக்காரருக்கு ஒரு கேள்வி. குப்பை மேடாக இருந்த இடம் என்கிறீர்கள், மண்ணைச் சோதித்தீர்களா? பழைய பெயிண்ட், ஒரு காலத்துப் பெட்ரோல் புகை, பேட்டரி, எல்லாவற்றிலும் இருந்த காரீயம் என்ற நச்சு உலோகம் மண்ணின் மேலடுக்கிலேயே தங்கிவிடும், மழையில் கரைந்து போகாது. அமெரிக்க அரசின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு அமைப்பு குடியிருப்பு மண்ணுக்கு வைத்திருந்த 400 பிபிஎம் (பத்து லட்சத்தில் 400 பங்கு) எச்சரிக்கை அளவை 2024இல் 200 ஆகக் குறைத்தது, குழந்தைகளின் மூளை வளர்ச்சி காரணமாகத்தான். கீரையிலும் கிழங்கிலும் இது அதிகம் வரும், அதுவும் இலையில் ஒட்டும் மண் வழியாக. தக்காளி மாதிரிக் காய்களில் குறைவு. அனுமதி கொடுப்பவர்கள் முதலில் கேட்க வேண்டிய காகிதம் மண் பரிசோதனைதான்.

காலிமனைக்காரன்:
சோதிக்கவில்லை. இத்தனை நாள் அந்தக் கீரையை வீட்டுக் குழந்தைகளுக்குக் கொடுத்திருக்கிறேன். இந்த வாரமே மண் எடுத்து அனுப்புகிறேன்.

சுவருக்கு_அப்பால்:
நேர்மையாகச் சொன்னதற்கு நன்றி. பாருங்கள், விதி இருந்திருந்தால் விதைப்பதற்கு முன்னாலேயே இது தெரிந்திருக்கும். சரி, விற்பனைக்கு வருகிறேன், எனக்கு அதுதான் பெரிய பயம். சொந்தச் சமையலுக்கு வளர்ப்பது வேறு. விற்க ஆரம்பித்தால் வண்டி வரும், பெட்டி அடுக்குவார்கள், வாசலில் பேரம் நடக்கும். பிறகு அது கடைதான்.

காலிமனைக்காரன்:
அதே தெருவில் வீட்டில் தையல் வேலை செய்கிறார்கள், பாட்டு வகுப்பு நடத்துகிறார்கள், அதை விதி ஏற்கிறது. சான் பிரான்சிஸ்கோ 2011இல் நகரத் தோட்டங்களில் விளைந்ததை விற்க வழி செய்தது. அங்கே விளைந்தது மட்டும், பகல் நேரத்தில் மட்டும், வெளியிலிருந்து வாங்கி விற்கக் கூடாது என்று வைத்தால் கடையாக மாற வழியில்லை. நாலு பாத்தியில் வருவதை விற்க எத்தனை வண்டி வரப் போகிறது? தண்ணீர்க் கட்டணமாவது கையில் வந்தால்தான் ஒருவர் மூன்றாவது வருடமும் தொடர்வார், இல்லையென்றால் அந்த இடம் மறுபடி குப்பை மேடு.

வேர்முடிச்சு:
விதி என்றால் தோட்டக்காரருக்கு விலங்கு என்று நினைக்காதீர்கள். ஜெர்மனியின் 1983ஆம் ஆண்டுச் சட்டம் குத்தகைத் தோட்டம் 400 சதுர மீட்டரைத் தாண்டக் கூடாது, குடில் 24 சதுர மீட்டருக்குள், குடியிருக்கக் கூடாது என்றெல்லாம் கட்டுப்படுத்துகிறது. கூடவே குத்தகை வாடகைக்கு உச்சவரம்பு வைத்து, நினைத்தபோது வெளியேற்ற முடியாமல் காக்கிறது. விதியில் பெயரே இல்லாத தோட்டத்தை நாளைக்கே ஒரு புல்டோசர் வந்து அழித்தால் யாரிடம் போய் நிற்பீர்கள்?

உத்தரம்:
தடை மட்டும் போட்டால் எங்கே போய் முடியும் என்பதற்கும் உதாரணம் உண்டு. ஃபுளோரிடாவில் ஒரு சிற்றூர் வீட்டு முன்பக்கத்தில் காய்கறி கூடாது என்று 2013இல் விதி போட்டது. பல வருடமாக வளர்த்து வந்த ஒரு தம்பதி, நாளுக்கு 50 டாலர் அபராதத்துக்குப் பயந்து செடிகளைப் பிடுங்க வேண்டியதாயிற்று. கடைசியில் 2019இல் மாநிலமே அப்படித் தடை போடும் அதிகாரத்தை உள்ளாட்சிகளிடமிருந்து எடுத்துக்கொண்டது.

சுவருக்கு_அப்பால்:
முன்பக்கம் புல் இருக்கலாம், கத்தரி கூடாது என்பது எனக்கும் புரியாத விதிதான். சரி, முழுத் தடையை நான் விட்டுவிடுகிறேன். பதிலுக்கு இரண்டு வேண்டும். பக்கத்து வீட்டார் புகார் கொடுத்தால் இத்தனை நாளுக்குள் வந்து பார்க்க வேண்டும் என்று விதியிலேயே நாள் குறிக்க வேண்டும். தண்ணீர் டிரம் மூடி இல்லாமல் இருந்தால் உடனே நடவடிக்கை, ஏனென்றால் டெங்குக் கொசு பத்து நாளுக்குள் முட்டையிலிருந்து பறந்துவிடும், அதற்கு அவகாசம் கொடுக்க முடியாது. விற்பனை பற்றி எனக்கு இன்னும் சம்மதமில்லை.

காலிமனைக்காரன்:
இரண்டும் சரி. பார்வையிடும் நாளைப் பதினைந்து என்று போட்டு விதிக்கு ஒரு வரைவு எழுதுகிறேன், விற்பனைப் பகுதியைத் தனியாக வைக்கிறேன், நீங்கள் அதில் உங்கள் மறுப்பை எழுதிக் கொடுங்கள், அப்படியே சேர்த்து அனுப்பலாம். மண் முடிவு வரும்வரை பாத்தியில் எதையும் பறிக்கப் போவதில்லை.