விஆர் பாக்ஸ் வச்சு பாடம் நடத்துறவங்க யாராச்சும் இருக்கீங்களா?

வணக்கம் நண்பர்களே, நான் எட்டாம் வகுப்புக்கு சயின்ஸ் எடுக்குறேன். பழைய மாணவர்கள் சேர்ந்து எங்க ஸ்கூலுக்கு கொஞ்சம் விஆர் பாக்ஸ் வாங்கிக் குடுத்திருக்காங்க, அதாங்க, போனை உள்ள சொருகி கண்ணுல மாட்டிக்கிட்டா அந்த இடத்துலயே நிக்கிற மாதிரி காட்டுற டைப்பு. முன்னாடி கூகுள் எக்ஸ்பெடிஷன்ஸ்னு ஒரு ஆப் இருந்துச்சு, டீச்சர் கையில ஒரு டேப் இருந்தா போதும், மொத்த கிளாஸையும் ஒரே நேரத்துல ஒரே இடத்தைப் பாக்க வைக்கலாம், அதை 2021ல நிறுத்திட்டாங்க. இப்ப அந்த மாதிரி எல்லா போனையும் ஒண்ணா கன்ட்ரோல் பண்ற ஆப் வேற ஏதாச்சும் இருக்கா? யூடியூப்ல 360 டிகிரி வீடியோ நிறைய இருக்குதான், ஆனா ஒருத்தனுக்கு வீடியோ ஓடி முடிஞ்சிருக்கும், இன்னொருத்தனுக்கு இன்னும் விளம்பரமே போயிட்டிருக்கும், கிளாஸ் சந்தைக்கடைதான்.

அடுத்தது போன். தலையைத் திருப்பினா படமும் ஒழுங்கா திரும்பணும்னா கைரோஸ்கோப் சென்சார் வேணும், விலை கம்மியான நிறைய மாடல்ல அது இருக்கறதில்ல. செகண்ட் ஹேண்ட்ல வாங்கலாம்னு இருக்கோம், கடையில நின்னுக்கிட்டே அதை செக் பண்ண ஈசியான வழி இருந்தா சொல்லுங்க.

அப்புறம் ஒரு பையனோட அம்மா கேட்டாங்க, மெட்ராஸ் ஐ சீசன்ல ஒரே பாக்ஸை எல்லாரும் மூஞ்சில மாட்டினா என்ன ஆகும்னு. நியாயமான கேள்வி. அந்த ஸ்பாஞ்ச் ஓரத்தை எதால துடைக்கிறீங்க, சானிடைசர் பட்டா லென்ஸ் மங்கிடுமா? கண்ணாடி போட்ட பிள்ளைங்க, தலை சுத்துதுன்னு சொல்ற பிள்ளைங்க, இவங்களை எப்படி சமாளிக்கிறீங்க?

தமிழ்ல விளக்கம் இருக்குற வீடியோ லிங்க் இருந்தாலும் போடுங்க, முக்கியமா இதயம், சூரியக் குடும்பம். பெரிய ஹெட்செட்டா வாங்குங்கன்னு மட்டும் சொல்லிடாதீங்க, அதுக்கெல்லாம் பட்ஜெட் கிடையாதுங்க 🙏