3 மி.மீ. நத்தையை இனங்கண்ட அனுபவம்: உங்களுடையதையும் எழுதுங்கள்

ஊற்றுக்கண்:

மிகச் சிறிய நன்னீர் நத்தைகளை வகைப்படுத்த முயன்றவர்கள் இங்கே பலர் இருப்பீர்கள் என்பதால், என் முதல் முயற்சியில் நேர்ந்த பிழையை விரிவாகவே எழுதுகிறேன். ஊற்றுநீர் கசிந்து ஓடும் இடத்தில் ஒரு கல்லைப் புரட்டினேன். அதன் அடியில் கருமணல் அப்பியிருப்பதாகத்தான் முதலில் தோன்றியது. கைக்கண்ணாடியை வைத்துப் பார்த்த பிறகே, ஒவ்வொரு மணியும் இரண்டு மெல்லிய உணர்கொம்புகளை நீட்டிக்கொண்டு நகர்வது தெரிந்தது. பெரும்பாலானவை 3 மி.மீ. உயரத்தைத் தாண்டவில்லை.

நுண்ணோக்கியின் கீழ் ஒவ்வொன்றாக அளந்தேன். ஓட்டின் உயரம், அகலம், வாயின் உயரம், சுற்றுகளின் எண்ணிக்கை, சுற்றுகள் சேரும் கோட்டின் ஆழம், அடியில் உள்ள தொப்புள் குழி திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்று அட்டவணை நீண்டது. ஓட்டின் உச்சி மேலே இருக்க, வாய் நம்மைப் பார்க்கும்படி பிடித்தால், வாய் வலப்பக்கம் அமைவதை விலங்கியலில் வலச்சுருள் என்பார்கள். நாம் வலம்புரி என்று சொல்லும் அரிய சங்கு இந்தக் கணக்கில் இடச்சுருள் ஆகிவிடும் என்பதால், தமிழில் குறிப்பு எழுதுவோர் இந்தச் சொல்லில் கவனமாக இருப்பது நல்லது. என்னிடம் இருந்தவை அனைத்தும் வலச்சுருள்களே.

அளவுகளை வரைபடத்தில் இட்டபோது புள்ளிகள் இரண்டு கூட்டங்களாகப் பிரிந்தன: சற்றுப் பெரிய, பருத்த ஓடுகள் ஒருபுறம், சிறிய, ஒடுங்கிய ஓடுகள் மறுபுறம். இரண்டு சிற்றினங்கள் என்று உறுதியாக நம்பி, இரண்டுக்கும் தனித்தனி விவரிப்பு எழுதி முடித்தேன். பிறகு சிலவற்றின் ஓட்டை நீர்த்த அமிலத்தில் கரைத்து உடலை வெளியே எடுத்துப் பார்த்தேன். ஒடுங்கிய ஓட்டுக்குள் இருந்த ஒவ்வொன்றிலும் தலைக்குப் பின்னால், கழுத்தை ஒட்டி, ஆண்குறி இருந்தது. பருத்தவற்றில் ஒன்றில்கூட இல்லை. நான் இரண்டு சிற்றினங்கள் என்று எழுதி வைத்திருந்தது ஒரே சிற்றினத்தின் ஆணையும் பெண்ணையும்தான். இத்தகைய சிறு நத்தைகள் அடங்கிய ஹைட்ரோபிடே குடும்பத்திலும் அதன் நெருங்கிய உறவுகளிலும் பெண் பெரியதாக இருப்பது அடிக்கடி காணப்படுவதே. அதை முன்பே படித்திருந்தும், வரைபடத்தின் அழகில் மறந்துவிட்டேன்.

இதற்கு நேர் எதிரான சிக்கலும் உண்டு. வட அமெரிக்காவின் பாலை ஊற்றுகளில் வாழும் பிர்குலாப்சிஸ் பேரினத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட சிற்றினங்கள் விவரிக்கப்பட்டுள்ளன. அவற்றில் பலவற்றை விவரித்த ராபர்ட் ஹெர்ஷ்லர், ஓட்டைக் காட்டிலும் ஆண்குறியின் மடல்களும் சுரப்பிகளும் அமைந்த விதத்தையே பெரிதும் சார்ந்திருந்தார். ஓர் ஊற்றுக்கும் அடுத்த ஊற்றுக்கும் இடையே வறண்ட நிலம் கிடப்பதால் நத்தைகள் கலப்பதில்லை. ஓடு ஒன்றுபோலவே இருக்க, உள்ளே உடல் வேறாகிப்போகிறது.

பாசிப்படலம்:

தங்கள் பதிவைப் படித்தபோது, உடலைப் பார்க்கும் வாய்ப்பையே நான் கெடுத்துக்கொண்ட நாள் நினைவுக்கு வந்தது. சேகரித்த நத்தைகளை உயிரோடு நேராக எத்தனாலில் போட்டுவிட்டேன். அவை உடனே உள்ளே சுருங்கி, மூடியால் வாயை இறுக அடைத்துக்கொண்டன. திரவம் சரிவர உட்புகாததால் உள்ளே இருந்தவை அழுகிப்போயின. மற்றொரு தொகுதியை ஃபார்மலினில் நெடுநாள் விட்டிருந்தேன். அது நாளடைவில் அமிலத்தன்மை அடைந்து, சுண்ணாம்பாலான ஓட்டை அரித்து, வெண்ணிறப் பொடியாக்கிவிட்டது. இப்போது நீர்க்கிண்ணத்தில் மென்தால் படிகங்களைத் தூவி, நத்தைகள் தளர்ந்து தலையை வெளியே நீட்டியபடி உணர்வற்றுப் போகும்வரை பல மணி நேரம் பொறுத்திருக்கிறேன். டி.என்.ஏ. ஆய்வுக்கு உரியவற்றை மட்டும் தனியாக 95 சதவீத எத்தனாலில் இடுகிறேன்.

சேற்றுத்தடம்:

எனக்கு வந்த மாதிரிகளில் சிலவற்றின் சுற்றுகளின் நடுவே மெல்லிய முட்கள் வரிசையாக இருந்தன. மற்றவை வழவழப்பாக இருந்தன. ஒரு வழவழப்பான நத்தையைத் திறந்து பார்த்தபோது, அடைகாக்கும் பையில் ஓடு முளைத்த குஞ்சுகள் நெருங்கிக் கிடந்தன. நியூசிலாந்துச் சேற்று நத்தை என்று அப்போதுதான் தெளிந்தது. அதில் முள் இருப்பதும் இல்லாததும் ஒரே சிற்றினத்துக்குள் அடங்கும் வேறுபாடு.

இதே நத்தை தேர்ந்த வல்லுநர்களையும் ஏமாற்றியிருக்கிறது. தேம்ஸ் கழிமுகப் பகுதியில் கிடைத்ததை எட்கர் ஸ்மித் 1889இல் ஹைட்ரோபியா ஜென்கின்சி என்ற புதிய சிற்றினமாக விவரித்தார். எண்பது ஆண்டுகளுக்குப் பிறகு, 1970களின் தொடக்கத்தில், வின்டர்போர்ன் இங்கிலாந்து மாதிரிகளையும் நியூசிலாந்து மாதிரிகளையும் ஒப்பிட்டு, இரண்டும் ஒன்றே என்று காட்டினார். நியூசிலாந்து நத்தைக்கு கிரே 1843இலேயே பெயரிட்டிருந்ததால், முந்திய பெயருக்கே முதலுரிமை என்ற விதிப்படி ஆன்டிபோடேரம் என்ற பெயர் நிலைத்தது. நியூசிலாந்துக்கு வெளியே இந்த நத்தை பெரும்பாலும் ஆணின்றியே பெருகுகிறது; ஒரேயொரு பெண் நத்தை போய்ச் சேர்ந்தாலும் ஒரு கூட்டம் உருவாகிவிடும். உள்ளூர் நத்தைக்குப் புதுப் பெயர் சூட்டுவதற்கு முன், அது வேறொரு கண்டத்திலிருந்து வந்ததா என்று ஒப்பிட்டுப் பார்ப்பதை நான் இப்போது முதல் வேலையாகவே கொண்டிருக்கிறேன்.

ஊற்றுக்கண்:

இருவருக்கும் நன்றி. ஒன்று கேட்க விரும்புகிறேன். 1999க்குப் பிறகு வெளியாகும் புதிய சிற்றினத்துக்கு வகைமாதிரியை, அதாவது அந்தப் பெயர் எந்த மாதிரியைச் சார்ந்தது என்பதை, வெளிப்படையாகக் குறிப்பிட வேண்டும் என்பது விலங்குப் பெயரிடல் விதி. ஓட்டைக் கரைத்தால் உடல் தெரியும், ஆனால் ஓடு போய்விடும். இந்த அளவுள்ள நத்தையில் இரண்டையும் காப்பது எப்படி?

சேற்றுத்தடம்:

முழுமையான ஒன்றை முதன்மை வகைமாதிரியாகத் தொடாமல் வைத்துவிடுங்கள். அதே இடத்தில், அதே நாளில் எடுத்த துணை மாதிரிகளை மட்டும் திறந்து பாருங்கள். எந்த மாதிரியிலிருந்து எந்த உறுப்பு வரையப்பட்டது என்பதைக் குப்பியின் சீட்டிலும் எழுதிவிடுங்கள். நாக்குப் பற்களுக்கு, வாய்ப்பகுதியை வெட்டி வெளுப்புத் திரவத்தின் ஒரு துளியில் இட்டால் சதை கரைந்து, பல்வரிசை மட்டும் நாடாபோல எஞ்சும். எலெக்ட்ரான் நுண்ணோக்கிக்குக் கொண்டுபோகுமுன் அதை நீரில் பலமுறை அலசிவிடுங்கள். இல்லையெனில் உப்புப் படிகங்கள் பற்களை மறைத்துவிடும்.