ஹிமாலியா 3 விகலை தள்ளி நிக்குது, யாராவது பாத்துச் சொல்லுங்க

வணக்கம் மக்களே. தக்கலையில வீட்டு மொட்டைமாடியில 8 இஞ்ச் தொலைநோக்கி வச்சு, வியாழனோட வெளி நிலவு ஹிமாலியாவோட இடத்தை அளக்குறேன். விகலைன்னா வானத்துல கோணம் அளக்குற அலகு, ஒரு பாகையில 3600-ல ஒரு பங்கு. 1904-ல பெரைன் கண்டுபிடிச்சது, பிரகாச எண் 14.6, எண் கூடக் கூட மங்கல். பக்கத்து வீட்டுத் தெங்கு மறைக்காத ரெண்டு மணி நேரம்தான் நமக்கு வானம்.

30 வினாடிப் படம் 40 எடுத்து, நட்சத்திரத்தை ஒட்டி அடுக்கி, கீத்தா விழுற நிலவோட நடுவை அளக்குறேன். நாசாவோட ஜேபிஎல் ஆய்வகம் குடுக்குற இடக் கணிப்பைவிட 3 விகலை முன்னால நிக்குது. எல்லா ராத்திரியும் நகர்ற திசையிலேயே! எதிரமைவு (சூரியனுக்கு நேர் எதிர்ப்பக்கம் வியாழன் தெரியுற) சமயத்துல வியாழன் மணிக்குச் சுமார் 20 விகலை நகரும். 3 விகலைன்னா சுமார் 9 நிமிஷக் கணக்கு. 40 படமும் சேர்ந்து 20 நிமிஷம், அதுல பாதி 10 நிமிஷம், கிட்டத்தட்ட ஒத்துப் போகுது. அடுக்குற மென்பொருள் நடு நேரத்துக்குப் பதிலா முதல் படத்தோட நேரத்தைப் பதியுதோ? கணிப்பு எடுக்கும்போது நம்ம ஊர் அட்சரேகை, தீர்க்கரேகை குடுக்காம விட்டாலும் 2 விகலை வரை இடிக்கும், அது சரியாத்தான் குடுத்திருக்கேன்.

இதை அளந்து பழகினவங்க யாராவது மூலப் படங்களைப் பாக்க முடியுமா? அனுப்பி வைக்கிறேன்.